தனிச் சமையல்

முதியவர்கள் வறுமையிலிருந்து கரையேறிவிட்டார்கள் என்று பிரிவுத் தலைவி அறிவித்தபோது இரண்டு பேர் கைதட்டினார்கள். அவன் தட்டவில்லை. அப்படிக் காட்டிய அட்டவணையைப் போட்டவன் அவன்தான்.

புள்ளிவிவர அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் அவனுக்கு வைத்த பெயரே அட்டவணை. "அட்டவணை சாப்பிட்டாச்சா?", "அட்டவணை இன்னைக்கு லீவா?" என்றுதான் பேச்சு. மனைவி இறந்த பிறகு கேலியைக் குறைத்துக்கொண்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கணக்கு ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. எல்லோரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் ஒருவர் நிற்பார். அவர் வருமானத்தில் பத்தில் ஆறு பங்குதான் கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பவர் ஏழை. அவர் பட்டினியா என்று யாரும் கேட்பதில்லை. மற்றவர்களைவிட எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்பதே கேள்வி. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். குடும்பத்தின் மொத்த வருமானத்தை எடுத்து, முதல் ஆளுக்கு ஒன்று, அடுத்த பெரிய ஆளுக்கு அரை என்று எடை வைத்து வகுக்க வேண்டும். பிறகு வயதுவாரியாகப் பிரித்து, எந்த வயதில் எத்தனை பேர் கோட்டுக்குக் கீழே என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அரையை அவனுக்கு நன்றாகத் தெரியும். மனைவி ஒரு வருடம் படுக்கையில் கிடந்தாள். வேலையை விட்டிருந்தாள். அவள் இறந்த மாதம், ஏதோ ஒரு மதியத்தில், தன் வீட்டு எண்களைப் போட்டுப் பார்த்தான். வகுக்கும் எண் ஒன்றரையிலிருந்து ஒன்றாகியிருந்தது. கணக்குப்படி அவன் நிலைமை ஒன்றரை மடங்காக உயர்ந்திருந்தது. திரையை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். அதற்குப் பிறகு எதுவும் அவனுக்கு உறைக்கவில்லை.

இப்போது உறைத்தது.

அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் போன வருடம் நூற்றுக்குப் பதினெட்டு பேர் ஏழை. இந்த வருடம் ஒன்பது புள்ளி ஆறு. ஓய்வூதியம் ஏறவில்லை. வாடகை இறங்கவில்லை. பதினெட்டு எப்படிப் பாதியானது?

"அதை ஏன் கேக்கறீங்க? நல்ல விஷயம் நடந்தா உங்களுக்குப் பொறுக்காதா?" என்றாள் பிரிவுத் தலைவி. மேசையில் பத்திரிகைக் குறிப்பு தயாராக இருந்தது. நாளை மாலை நாலு மணிக்கு மேலிடத்துக்குப் போக வேண்டும். "பத்துக்குக் கீழ வந்தா முதியோர் வாடகை உதவி ஒரு வருஷத்துக்கு நிக்கும். அதை இருபத்தஞ்சு வயசுக்கு உட்பட்டவங்களுக்குத் திருப்பி விடுவாங்க. அங்க தான் நூத்துக்கு இருபத்திரண்டு நிக்குது. கிழங்களுக்கு நிறைய பண்ணியாச்சு."

"இளையவங்களுக்குக் கொடுக்கறதுன்னா தனியாக் கொடுக்கட்டும், மேடம். ஒருத்தர் தட்டுல இருந்து எடுத்து இன்னொருத்தருக்குப் போடறது என்ன கணக்கு?"

"அது நம்ம வேலை இல்ல. அளந்து கொடுக்கறது நம்ம வேலை."

அளந்தது எப்படி என்று பார்க்கத் தொலைபேசி அறைக்குப் போனான். போன வருடம்வரை ஆட்கள் நேரில் போனார்கள். அறையைக் கண்ணால் பார்த்து, அடுப்பைப் பார்த்து, தனிச் சமையலா கூட்டுச் சமையலா என்று எழுதினார்கள். இந்த வருடம் சிக்கனம். எல்லாம் தொலைபேசியில். ஆறு பேர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த பெண்ணிடம் பதினோராம் கேள்வியைப் படிக்கச் சொன்னான்.

"'உங்க பிள்ளைங்களோட சேர்ந்து தானே சாப்பிடறீங்க?' இதுதாண்ணா கேள்வி."

"'தானே'யா?"

"எழுதிக் கொடுத்ததே அப்படித்தான். பேச்சு மொழியில இருக்கணுமாம். பெரியவங்க வெடுக்குனு வெச்சிடுவாங்கன்னு."

"யாராவது இல்லைன்னு சொன்னாங்களா?"

அவள் யோசித்தாள். "ஒரு அம்மா சொன்னாங்க. அவங்களுக்குப் பிள்ளையே இல்ல."

அவன் சிரிக்கவில்லை. எந்த மனிதர், எழுபது வயதில், முன்பின் தெரியாத ஒரு பெண் பிள்ளையிடம், என் மகன் எனக்குச் சோறு போடுவதில்லை என்று சொல்வார்? ஆமாம் என்றார்கள். ஆமாம் என்றதும் இயந்திரம் வரிப் பதிவிலிருந்து மகனின் சம்பளத்தை எடுத்து அப்பாவின் குடும்ப வருமானத்தில் சேர்த்துவிட்டது. கோட்டைத் தாண்ட வைத்துவிட்டது. ஒரு பருக்கைகூடக் கைமாறாமல்.

இருக்கைக்குத் திரும்பி, 'கூட்டுச் சமையல்' என்று பதிவானவர்களில் வேறு முகவரியில் வசிப்பவர்களைத் தனியாகப் பிரித்தான். நூற்று எழுபது வரிகள். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றான்.

வயது எழுபத்தொன்று. ஓய்வுபெற்ற கடைசல் இயந்திரத் தொழிலாளி. மனைவி இல்லை. டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. வாடகை உதவி பெறுகிறார். சேர்ந்து சாப்பிடுவது: மருமகனுடன். பக்கத்தில் மருமகனின் சம்பளம். அது அவனுடைய சம்பளம். கடைசி ரூபாய்வரை சரியாக இருந்தது.

தரச் சோதனை என்று எழுதிக் கொடுத்து அந்த அழைப்பின் ஒலிப்பதிவை வாங்கிக் கேட்டான்.

"ஆமாம்மா," என்றது மாமனாரின் குரல், காதுக்குள். "மாப்பிள்ளை வீட்ல தான் சாப்பாடு. தங்கமான பையன். நான் ஒரு வேளை வரலைன்னா கோவிச்சுக்குவாரு."

அவன் கருவியைக் கழற்றி வைத்தான். மனைவியின் காரியங்கள் முடிந்த அன்று மாமனாரை அவர் அறைப் படிவரை கொண்டுவிட்டவன், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பதினோரு மாதம். இரண்டு தெரு தூரம்.

டயர் கடையின் பக்கவாட்டு இரும்புப் படி அதிர்ந்தது. மாமனார் கதவைத் திறந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை. வழி கேட்டு வந்தீங்களா, யாராவது கொண்டாந்து விட்டாங்களா?"

அறைக்குள் கட்டில், நாற்காலி, சுவரில் மகளின் படம். கட்டிலுக்கு அடியில் ஒற்றை பர்னர் அடுப்பு. அதன் மேல் ஒரு ஆளுக்கு மட்டுமே போதுமான பாத்திரம். ரப்பர் வாசனை எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. நாற்காலியில் பழைய செய்தித்தாள்கள் குவிந்திருந்தன. உட்கார யாரும் வருவதில்லை என்பது தெரிந்தது.

நின்றபடியே கேட்டான். "போன்ல ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"எந்த போன்ல?"

"என்னோட சாப்பிடறதா."

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்தார். "ஓ. அது உங்க ஆபீஸா? குரலு நல்லா இருந்துச்சு, அந்தப் பொண்ணுக்கு."

"அந்த ஒரு வார்த்தையால உங்க வாடகை உதவி நிக்கப் போகுது. இந்த அறைக்கு என்ன பண்ணுவீங்க?"

"கீழ டயருக்குள்ள படுத்துக்கறேன். வட்டமா இருக்கும், முதுகுக்கு நல்லது."

"விளையாடாதீங்க மாமா. தனியாத்தான் சமைக்கிறேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. மாத்திடறேன்."

மாமனாரின் முகம் அப்போதுதான் மாறியது. "போட மாட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா கேக்கறீங்க? என் பொண்ணு வாக்கப்பட்ட வீடு எனக்கு ஒரு வாய் சாப்பாடு போடலைன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா? கவர்மென்ட் காகிதத்துல? அவ இருந்திருந்தா..." அவர் நிறுத்தினார். "உங்களை நான் காட்டிக் கொடுக்கலை. அந்தக் கோவமா உங்களுக்கு?"

"காட்டிக் கொடுங்கன்னுதான் சொல்றேன்!"

"சத்தம் போடாதீங்க. கீழ ஆளுங்க இருக்காங்க. பதினோரு மாசமா வராதவரு வந்ததும் வராததுமா கத்தறாருன்னு சொல்வாங்க."

மாதத்தைக்கூட அவர் எண்ணிவைத்திருந்தார். அவன் படியிறங்கி வந்தான். யார் மேல் கோபம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேள்வியை எழுதிக் கொடுத்தவன் மேல், 'தானே' என்ற அந்த ஒரு சொல்லின் மேல், கிழவர் மேல், தன்மேல். எல்லாம் ஒரே உலையில் கொதித்தது.

பிரிவுத் தலைவியிடம் நேராகப் போய் மறு ஆய்வு வேண்டும் என்றான். கேள்வியே தப்பு என்றான். நூற்று எழுபது பேரின் மானத்தைக் கணக்கில் வருமானமாகச் சேர்த்திருக்கிறோம் என்றான்.

"நேரம் இருக்கா உங்ககிட்ட? எங்கிட்ட இல்ல," என்றாள் அவள். கையேட்டைத் திறந்தாள். "திருத்தணும்னா கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேணும். பதில் சொன்னவர் போடலாம், இல்ல அந்தக் குடும்பத்துல சம்பாதிக்கற ஆள் போடலாம். ரெண்டாயிரம் பேர்ல இப்ப நூத்தித் தொண்ணூத்திரண்டு ஏழை. இருநூறு ஆனா பத்து. எட்டே எட்டு கையெழுத்து. நாளைக்கு நாலு மணிக்குள்ள கொண்டாங்க, நானே அட்டவணையைத் திறக்கறேன்." சிரித்தாள். கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அனுமதி அட்டையும் படிவங்களும் எடுத்துக்கொண்டு அன்று மாலைவரை பதினான்கு கதவுகளைத் தட்டினான். பதினான்கிலும் தோற்றான். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், பின்னால் அவருடைய ஒற்றைத் தட்டு காய்ந்துகொண்டிருக்க, "நாங்க எல்லாம் ஒண்ணாத்தான் சார் உக்காந்து சாப்பிடுவோம், இடம் பத்தாது, இடிச்சுக்கிட்டுத்தான்" என்றார். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, மகன் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் போனான் என்றாள். எந்த மகன் என்று அவன் கேட்டதற்குக் கதவைச் சாத்தினாள். ஏழைகளை எண்ணுவது எளிது என்று நினைத்திருந்தான். ஏழை என்று சொல்ல வைப்பதுதான் கடினம்.

கையேட்டின் இரண்டாம் பாதி மறுநாள் காலையில்தான் மண்டையில் ஏறியது. சம்பாதிக்கிற ஆள் போடலாம். அடுத்த முனைக்கு, பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனான்.

கண்டக்டரின் மகன் வீட்டில் மருமகள் கதவைத் திறந்தாள். தையல் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தோளில் அளவு நாடா தொங்கியது.

"மாமா எங்களோட சாப்பிடறாராமா? யார் சொன்னது?"

"அவரே."

"அட! எந்த ஜென்மத்துல?" இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "வா வான்னு கூப்பிட்டா, உன் கையால சாப்பிட மாட்டேன்னு போனவரு. ரெண்டு வருஷம் ஆச்சு. அவர் பையனும் போகட்டும்னு விட்டுட்டாரு. இப்ப ஊர்ல நான் சமைச்சுப் போடறேன்னு பேரு, அங்க அவரு வெறும் ரொட்டி தின்னுக்கிட்டு. கொண்டாங்க அந்தக் காகிதத்தை. எங்க போடணும்?"

"உங்க வருமானமும் கணக்குல இருக்கறதால நீங்க போடலாம்."

"என் வருமானமா? என்னையும் சேர்த்தா அவருக்குப் பங்கு போட்டாங்க?" அவள் சிரித்த சிரிப்பில் மாடிப்படியில் இன்னொரு கதவு திறந்தது. "நான் தச்ச பிளவுஸ்ல எத்தனை அவரு தச்சாருன்னு அதுல எழுதியிருக்கா?"

எல்லோரும் அவளைப் போல இல்லை. ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். ஒருத்தி படிவத்தை வாங்கிக் கிழித்தாள். ஆசிரியையின் மகன் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "அம்மா எங்களோடதான் சார், கேட்டுப் பாருங்க" என்றான். அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று கேட்டதும் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினான். பிறகு பேனாவைத் தேடினான். கையெழுத்துப் போடும்போது தலை நிமிரவே இல்லை. சிலர் கோபத்தில் போட்டார்கள், சிலர் ஆளை அனுப்பினால் போதும் என்று போட்டார்கள். ஒரு மகள் அழுதுகொண்டே போட்டாள். அவள் முடிக்கும்வரை அவன் படியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றரைக்குக் கையில் ஏழு இருந்தது. எட்டாவது வீட்டுக்குப் பஸ் பிடித்தால் போய் வர ஒரு மணி நேரம்.

அலுவலகத்துக்கே வந்தான். இருக்கையில் உட்கார்ந்து கடைசிப் படிவத்தை எடுத்தான். பதில் சொன்னவர்: வயது எழுபத்தொன்று, டயர் கடைக்கு மேலே. உறுதிமொழி தருபவர்: மருமகன். காரணம் எழுத மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள். எழுதினான்.

'இவர் என்னோடு சாப்பிடுவதில்லை. நான் கூப்பிடவில்லை. என் மனைவி இறந்த பிறகு பதினோரு மாதம் நான் இவர் வாசலை மிதிக்கவில்லை. இவர் சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்.'

எட்டையும் பிரிவுத் தலைவியின் மேசையில் வைத்தான். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எட்டாவதில் நின்றாள்.

"இது..." கண்ணாடியைக் கழற்றினாள். "இது நீங்களா?"

"ஆமா மேடம்."

"சொந்தக்காரர் விஷயம். இதை ஏத்துக்கலாமான்னு பார்க்கணும்."

"என்னோட சம்பளத்தை அவர் பேர்ல ஏத்தினப்ப யாராவது பார்த்தீங்களா?"

தொலைபேசி அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே பேச்சு நின்றுபோயிருந்தது. அவனுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. அந்த மாடியில் அவன் இவ்வளவு சத்தமாக எதுவும் சொன்னதில்லை.

"சம்பாதிக்கற ஆள் போடலாம்னு நீங்கதான் படிச்சுக் காட்டினீங்க. நான் சம்பாதிக்கறேன். அவருக்கு ஒரு வேளைகூடப் போடலை. இதைவிட உறுதியா யார்கிட்ட மேடம் கையெழுத்து வாங்கறது? வேணும்னா சத்தமாப் படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் படிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தைத் தன் பக்கம் திருப்பி, எட்டு வரிகளைத் திறந்து, ஒன்றொன்றாக மாற்றினாள். அடியில் எண் மாறியது. பத்து புள்ளி பூஜ்யம்.

"திருப்தியா?"

"இல்ல."

உண்மையைத்தான் சொன்னான். இன்னும் நூற்று அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அந்த அட்டவணைக்குள், தங்கள் பிள்ளைகளின் வீட்டில், வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைக் குறிப்பிலிருந்து 'பாதியாகக் குறைந்தது' என்ற வரியை அவள் நீக்கவில்லை. 'ஏறத்தாழ' என்று முன்னால் சேர்த்தாள். வாடகை உதவி ஒரு வருடத்துக்குத் தப்பியது. கேள்வி பதினொன்று அப்படியே இருந்தது. வெளியே வரும்போது தொலைபேசிப் பெண், "அண்ணா, அந்த 'தானே'யை நான் இனிமே சொல்ல மாட்டேண்ணா" என்றாள். சொல்லாவிட்டால் அவள் வேலை போகும்.

டயர் கடைக்கு வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாமனார் மேல்படியில் உட்கார்ந்து ஒரு திருகாணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு முன்பே வந்திருந்தது. டீக்கடையில் அவருக்குப் பழக்கமான அந்தக் கண்டக்டர் மதியமே வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்: உங்க மாப்பிள்ளை வீடு வீடாப் போய் பெத்தவங்க மானத்தை வாங்கறாரு.

"என் காகிதத்துல யார் கையெழுத்து?" என்றார்.

"நான்தான்."

"என்ன எழுதினீங்க?"

சொன்னான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். பெரியவர் துணியைப் படியில் எறிந்தார்.

"அறிவு இருக்கா மாப்பிள்ளை உங்களுக்கு? நான் உயிரைக் கொடுத்து மூடி வெச்சதை ஊருக்கே தம்பட்டம் அடிச்சிட்டு வந்து நிக்கறீங்க! நாளைக்கு ஆபீஸ்ல உங்களை எவன் மதிப்பான்?"

"மதிக்க வேண்டாம்."

"அவ மதிச்சா!" என்றார் பெரியவர். "அவ உங்களை மதிச்சா. அதுக்குத்தான்யா சொன்னேன்."

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு படி கீழே, அவர் காலடியில் உட்கார்ந்தான். பதினோரு மாதத்தில் முதல்முறையாக மூக்கு அடைத்துக்கொண்டது. அதற்கும் அவனுக்குக் கோபம் வந்தது.

"பர்னர்ல திருகு கழண்டுபோச்சு," என்றார் மாமனார், கையிலிருந்த திருகாணியைக் காட்டி. "கேஸ் கசியுது. பிடிக்க ஒரு ஆள் வேணும்."

எழுந்து உள்ளே போனான். செய்தித்தாள்களை நாற்காலியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான். அடுப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டான். மாமனார் மண்டியிட்டுத் திருகினார். இத்தனை வருடம் இரும்பைக் கடைந்த கை. நடுங்கினாலும் சரியான இடத்தில் நின்றது.

"அடுத்த வருஷம் அந்தப் பொண்ணு போன் பண்ணிக் கேட்டா?" என்றார், தலை நிமிராமல்.

"நடந்ததைச் சொல்லுங்க மாமா."

"நடந்தா சொல்றேன்," என்றார். "நல்லாப் பிடிங்க. ஆடுது."